பஹாய் இயக்கமும் பாரசீகத்தின் பள்ளிக்கூடமும்

சமயம் ஒன்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றையே பின்பற்றி வருகின்றனர். ஒரு சாரார் அதன் வேதநூல்களை விரித்து வைத்துக்கொண்டு, அங்கே கூறப்பட்டுள்ள உயர்ந்த கருத்துக்களே அச்சமயத்தின் வரலாறு என்று அமைதி காண்கின்றனர். மற்றொரு சாரார், சமயம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே அது பிற்போக்கு என்று முத்திரையிட்டுவிட்டு அப்பாற் செல்கின்றனர். இவ்விரு வழிகளும் வரலாற்றாராய்ச்சிக்கு உதவமாட்டா. ஒரு சமயக் கருத்து எக்காலத்தில், எத்தகைய மக்களிடையே, எந்தத் தேவையையொட்டி எழுந்தது என்பதையும், அதனை ஏற்றுக்கொண்டோரின் அன்றாட வாழ்வில் அது எதனை மாற்றியது, எதனை மாற்றாது விட்டது என்பதையும் கேட்பதே நாம் செய்யத்தக்கது. அவ்வாறு கேட்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரசீகத்திலே தோன்றிய பஹாய் இயக்கம் மிகவும் ஏற்றதோர் உதாரணமாகும். அவ்வியக்கத்தின் ஆத்மீகக் கொள்கைகளும் சமூக நீதி பற்றிய அதன் எண்ணங்களும் நடைமுறையில் உரைத்துப் பார்க்கப்பட்ட இடம் பள்ளிக்கூடமே. அதன் எதிரிகள் மீண்டும் மீண்டும் கைவைத்த இடமும் பள்ளிக்கூடமே. ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் இவ்வரலாற்றை அறிந்துகொள்வதற்கு இதனினும் வேறு நியாயம் வேண்டியதில்லை.

முதற்கண் அக்காலப் பாரசீகத்தின் நிலையை நோக்குவோம். கஜார் வமிசத்து மன்னர்கள் ஆட்சி செய்த அந்நாடு, 1813ஆம் ஆண்டிலும் 1828ஆம் ஆண்டிலும் ருஷியப் பேரரசிடம் தோல்வியுற்று, குலிஸ்தான், துர்க்மன்சாய் உடன்படிக்கைகளின் மூலம் கவ்காசியப் பகுதிகளை இழந்தது. போர்க்களத்தில் நேர்ந்த தோல்வியைத் தொடர்ந்து சந்தையிலும் தோல்வி வந்தது. 1841இல் பிரித்தானியாவோடு செய்யப்பட்ட வர்த்தக ஒப்பந்தம் ஐரோப்பிய ஆலைத்துணிகளுக்குக் கதவுகளை அகலத் திறந்துவிட்டது. காஷான், யஸ்த், இஸ்பஹான் முதலிய நகரங்களிலே நெசவுத் தறிகளை நம்பி வாழ்ந்த கைவினைஞர் நொந்தனர். கிராமங்களிலோ நிலவுடைமையாளரும் வரி வசூலிப்போரும் குடியானவனின் உழைப்பைப் பங்கிட்டுக்கொண்டனர். மாகாண ஆளுநர் பதவிகள் விலை கொடுத்து வாங்கப்பட்டன. கொடுத்த விலை வரியாக மக்களிடமிருந்தே மீளப் பெறப்பட்டது.

இப்பொருளாதார அமைப்பினைத் தாங்கி நின்ற தூண்களுள் ஒன்று சமயத் தலைமை. அக்காலத்தில் மேலோங்கியிருந்த ஷியாக் கோட்பாட்டின்படி, சாதாரண விசுவாசி எவனும் மார்க்க விடயங்களில் தானே ஆராய்ந்து முடிவு செய்தல் ஆகாது. முஜ்தஹித் எனப்படும் அறிஞர் ஒருவரைப் பின்பற்றியே அவன் நடத்தல் வேண்டும். இதற்குத் தக்லீத் என்று பெயர். முஜ்தஹித்துக்களிற் பலர் பெரும் வக்பு நிலங்களின் நிருவாகிகளாகவும் நீதி வழங்குவோராகவும் விளங்கினர். இந்நிலையிலே, மறைந்திருக்கும் பன்னிரண்டாம் இமாம் மீண்டு வந்து உலகை நீதியால் நிரப்புவார் என்ற பழைய நம்பிக்கை, நைந்துபோன மக்களின் உள்ளத்தில் புதிய வேகம் பெற்றது. இமாம் மறைந்த ஹிஜ்ரி 260க்குச் சரியாக ஆயிரம் ஆண்டுகளின் பின் வந்தது ஹிஜ்ரி 1260. அது கிறிஸ்தவ ஆண்டுக் கணக்கில் 1844.

அவ்வாண்டு மே மாதத்தில் ஷீராஸ் நகரத்து இளம் வணிகரான சையித் அலி முகம்மத், தம்மைப் ‘பாப்’, அஃதாவது வாயில், என்று அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துநான்கு. அவரை முதலில் ஏற்றுக்கொண்ட பதினெண்மர் ‘உயிர் எழுத்துக்கள்’ என வழங்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் இளம் மார்க்க மாணவர்கள், ஒருவர் பெண். சில ஆண்டுகளுக்குள் இவ்வியக்கம் கீழ்நிலை மதகுருமார், கைவினைஞர், வணிகர், சில பிரதேசங்களிற் குடியானவர் ஆகியோரிடையே பரவியது. சோவியத் வரலாற்றாசிரியர் இவானொவ் 1939இல் வெளியிட்ட தமது நூலில், பாபிகளின் எழுச்சியை நிலப்பிரபுத்துவத்துக்கு எதிரான வெகுசன இயக்கமாகவே கண்டார். பிற்கால ஆய்வுகள், இயக்கத்திற் சேர்ந்தோர் ஒரே வர்க்கத்தினர் அல்லர் என்பதையும், சமய ஆர்வமே அவர்களை முதன்மையாக இயக்கிற்று என்பதையும் எடுத்துக்காட்டியுள்ளன. எனினும் நொந்த மக்களின் மனக்குமுறல் சமய மொழியிலே பேசியது என்ற அடிப்படையான உண்மையை அவ்வாய்வுகள் மறுக்கவில்லை.

பதினெண்மருள் ஒருவராகிய அப்பெண்மணியே கஸ்வீன் நகரத்து பாத்திமா பரகானி. ‘குர்ரத்துல் ஐன்’ என்றும் ‘தாஹிரா’ என்றும் வரலாறு அவரை அறியும். மதகுருமார் குடும்பத்திற் பிறந்த அவர், திரைக்குப் பின்னால் இருந்து கேட்டே மார்க்கக் கல்வியைக் கற்றுத் தேர்ந்தார். பின்னர் கர்பலாவிலே திரைக்குப் பின்னால் இருந்தே கற்பிக்கவும் செய்தார். 1848ஆம் ஆண்டுக் கோடையில், பதஷ்த் என்ற சிற்றூரில் பாபிகள் கூடிய மாநாட்டிலே தாஹிரா முகத்திரையின்றி ஆடவர் முன்னே தோன்றினார். பழைய சட்டம் முடிந்தது, புதிய காலம் பிறந்தது என்பதை அதனினும் தெளிவாக எவ்விதம் அறிவித்தல் கூடும்? அக்காட்சியின் அதிர்ச்சியைத் தாங்கமாட்டாது ஒருவர் தம் கழுத்தையே அறுத்துக்கொண்டார் என்று இயக்கத்தின் வரலாற்று நூல் கூறுகிறது. ஐரோப்பாவிலே புரட்சிகள் வெடித்ததும் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை அச்சேறியதும் அதே 1848ஆம் ஆண்டில்தான். இவற்றுக்கிடையே நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் பழமையின் கட்டுக்கள் பல திசைகளிலும் தளர்ந்துகொண்டிருந்த காலம் அது என்பதை மனங்கொள்ளுதல் தகும்.

பதஷ்தை அடுத்து இரத்தம் பெருகியது. மாஸந்தரானில் ஷெய்க் தபர்சி என்ற இடத்திலும், நைரீஸிலும், ஸன்ஜானிலும் பாபிகள் அரச படைகளால் முற்றுகையிடப்பட்டு அழிக்கப்பட்டனர். ஸன்ஜானிலே பெண்களும் அரண்களில் நின்று போரிட்டனர். 1850ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள் தப்ரீஸில் பாப் சுட்டுக் கொல்லப்பட்டார். 1852இல் விரக்தியுற்ற பாபிகள் சிலர் நசீருத்தீன் ஷாவைக் கொல்ல முயன்று தவறினர். அதன் விளைவாக நாடெங்கும் நடந்த பழிவாங்கலில் தாஹிராவும் தெஹ்ரானில் கொல்லப்பட்டார்.

இங்கே ஒரு முரண்பாடு நம் கருத்தைக் கவர்கின்றது. பாபைக் கொல்லுமாறு ஆணையிட்ட முதலமைச்சர் அமீர் கபீர், பழமைவாதி அல்லர். பாரசீகத்தின் முதலாவது நவீன கல்வி நிலையமான தாருல் புனூனை நிறுவியவர் அவரே. ஆனால் 1851 டிசம்பரில் அக்கல்லூரி திறக்கப்பட்டபோது அவர் பதவியிழந்திருந்தார். அடுத்த மாதம் காஷானுக்கு அருகிலுள்ள பீன் மாளிகையின் குளியலறையில் அரச ஆணைப்படி கொல்லப்பட்டார். தாருல் புனூன் உயர்குடிப் பிள்ளைகளுக்கெனத் திறக்கப்பட்டது. படைக்கு அதிகாரிகளையும் அரசுக்கு உத்தியோகத்தரையும் ஆக்குவதே அதன் நோக்கம். மேலிருந்து வந்த சீர்திருத்தம், கீழிருந்து எழுந்த விழிப்பைக் கண்டு அஞ்சியது. அஞ்சியதனால் அதனைக் கொன்றது; பின்னர் தானும் கொல்லப்பட்டது.

இவ்வழிவின் நடுவிலிருந்தே பஹாய் இயக்கம் உருவாயிற்று. அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த ஒருவரின் மகனான மிர்ஸா ஹுசைன் அலி நூரி, 1852இல் தெஹ்ரானின் இருட்சிறையில் நான்கு மாதங்கள் சங்கிலியிற் பிணிக்கப்பட்டுக் கிடந்தார். பின்னர் பக்தாதுக்கு நாடுகடத்தப்பட்டார். 1863இல் தம்மையே பாப் முன்னறிவித்தவராகப் பிரகடனஞ் செய்த அவர் பஹாவுல்லா என வழங்கப்பட்டார். உதுமானிய சுல்தானின் ஆணை அவரை இஸ்தான்புல், எதிர்னே வழியாக 1868இல் அக்கா என்ற சிறைக்கோட்டை நகரத்துக்குக் கொண்டுசேர்த்தது. 1892இல் அந்நகரின் அயலிலேயே அவர் காலமானார்.

பாபிகளின் வாளை பஹாவுல்லா கீழே வைக்கச் செய்தார். சமயப் போர் என்ற கருத்தையே நீக்கினார். இதனை ஒரு பின்வாங்கல் என்று கூறும் முற்போக்காளர் உளர். போர்க்குணத்தைக் கைவிட்டதன் மூலம் இயக்கம் வணிக வர்க்கத்தின் சமரச நோக்கினை ஏற்றுக்கொண்டது என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தில் உண்மை முற்றாக இல்லாமலில்லை. நியாயமான வட்டியைப் பஹாவுல்லா அனுமதித்தமை வணிகரின் தேவையை ஒட்டியதே. எனினும், தோல்வியுற்றுச் சிதறிய ஒரு சிறுபான்மையினர் அதே போரை மீண்டும் நடத்தியிருந்தால் எஞ்சியிருப்பார்களா என்ற வினாவையும் நாம் கேட்டல் வேண்டும். வாளைக் கைவிட்ட பின் அவர்கள் எதனைக் கையிலெடுத்தார்கள் என்பதே முக்கியமானது.

1873ஆம் ஆண்டளவில் அக்காவில் எழுதப்பட்ட கிதாபே அக்தஸ் என்ற சட்டநூல் இதற்கு விடை தருகின்றது. அந்நூலும் அதனையொட்டிய எழுத்துக்களும் ஆத்மீகம் என்பதை உலகைத் துறந்து ஒதுங்குதலாகக் கொள்ளவில்லை. அன்றாட வாழ்வைத் திருத்தியமைத்தலாகவே கொண்டன. சேவை மனப்பான்மையோடு செய்யப்படும் தொழில் வழிபாட்டுக்குச் சமமானது. ஆதலின் ஒவ்வொருவரும் ஏதேனுமொரு தொழிலில் ஈடுபடல் வேண்டும். பிச்சையெடுத்தல் விலக்கப்பட்டது. துறவு போற்றப்படவில்லை. அடிமை வாணிபம் தடை செய்யப்பட்டது. பாரசீக அரசு அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்தது 1929இலேதான். மதகுருமார் என்ற ஒரு வகுப்பே இச்சமயத்தில் இல்லை. ஒவ்வொரு மனிதனும் உண்மையைத் தானே தேடிக் காணவேண்டும் என்ற கொள்கை, தக்லீத் முறையின் வேரிலே வைக்கப்பட்ட கோடரி எனலாம்.

கல்வி பற்றிய விதிகள் தனியாகக் கவனிக்கத்தக்கன. மகனுக்கும் மகளுக்கும் எழுத்தறிவும் கல்வியும் அளித்தல் தந்தையின் கடமை. தந்தைக்கு வசதி இல்லையெனின் சமூகத்தின் நீதிமன்றமே அப்பொறுப்பை ஏற்றல் வேண்டும். மரணசாசனம் எழுதாது இறந்த ஒருவரின் சொத்தைப் பெறுவோர் வரிசையில், பிள்ளைகள், வாழ்க்கைத்துணை, தந்தை, தாய், சகோதரர், சகோதரியர் ஆகியோரை அடுத்து, ஆசிரியரும் இடம்பெறுகின்றார். கற்பித்தவன் குடும்பத்தில் ஒருவனாக, சட்டப்படி உரிமையுடையவனாகக் கருதப்பட்ட இவ்விதியினை நம் ஆசிரிய நண்பர்கள் ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக.

இன்னொன்றையும் கூறல் வேண்டும். அக்காலப் பாரசீகத்தில் யூதரும் ஸொராஸ்திரரும் கிறிஸ்தவரும் தீட்டுக்குரியோராகக் கருதப்பட்டனர். அவர்களின் ஈரக்கை பட்ட பண்டம் அசுத்தமாகிவிடும் என்ற எண்ணத்தினால், மழை பெய்யும் நாட்களில் யூதர் தெருவில் நடமாடுதல் கூடாது என்ற கட்டுப்பாடு சில நகரங்களில் நிலவியது. தீட்டும் துடக்கும் எத்தகைய கொடுமைகளை விளைவிக்கும் என்பதை நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பஹாவுல்லா இத்தீட்டுக் கோட்பாட்டை முழுமையாக நீக்கி, எல்லாச் சமயத்தாரோடும் நட்புறவோடு பழகுமாறு பணித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஹமதான், காஷான் நகரங்களின் யூதர்களிலும் யஸ்து நகரத்து ஸொராஸ்திரர்களிலும் கணிசமானோர் இயக்கத்திற் சேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். முன்பு ஒரே கிண்ணத்தில் நீரருந்தாதோர் ஓரறையிலமர்ந்து உணவருந்தினர். வேதாந்த விளக்கங்கள் பலவற்றினும் அவ்வுணவு வலிமை வாய்ந்தது.

பள்ளிக்கூடங்கள் இப்பின்னணியிலே எழுந்தன. பழைய மக்தப்களிலே திருக்குர்ஆன் ஓதலும் சிறிது பாரசீக இலக்கியமும் கற்பிக்கப்பட்டன. பிரம்பு தாராளமாகப் பயன்பட்டது. பெண்பிள்ளைகள் சென்றது அரிது. நவீன முறையில் பள்ளி தொடங்க முற்பட்டோர் எல்லாச் சமயப் பிரிவிலும் இருந்தனர் என்பதை இங்கு மறத்தலாகாது. தப்ரீஸில் மிர்ஸா ஹசன் ருஷ்தியே நிறுவிய பள்ளிகள் வெறிக்கும்பல்களால் மீண்டும் மீண்டும் தகர்க்கப்பட்டன. 1907இல் பீபி கானும் அஸ்தராபாதி தெஹ்ரானில் தொடங்கிய பெண்கள் பள்ளி மதகுருமாரின் எதிர்ப்பினால் சிலகாலம் மூடப்பட்டது. புதுமுறைப் பள்ளி எதுவாயினும் அதனைப் பாபிகளின் வேலை என்று பழிப்பது எதிர்ப்பாளரின் வழக்கமாயிற்று. அவர்கள் அறியாமலே வழங்கிய பாராட்டு அது.

1899இல் தெஹ்ரானில் தர்பியத் என்ற பெயரால் ஆண்கள் பள்ளியைப் பஹாய்கள் நிறுவினர். 1911இல் தர்பியத் பெண்கள் பள்ளி எழுந்தது. அதன் வளர்ச்சிக்கு, அமெரிக்காவிலிருந்து 1909இல் வந்து தெஹ்ரானில் பணியாற்றிய டாக்டர் சூசன் மூடியும், ஆசிரியை லிலியன் காப்பஸும் துணைபுரிந்தனர். காப்பஸ் 1920இல் தெஹ்ரானிலேயே காய்ச்சலால் மாண்டார். ஹமதானில் தாயீத், காஷானில் வஹ்தத்தே பஷர், கஸ்வீனில் தவக்குல் எனப் பல ஊர்களிலும் பள்ளிகள் தோன்றின. வஹ்தத்தே பஷர் என்பதன் பொருள் மனிதகுல ஒருமை. கணிதமும் விஞ்ஞானமும் அந்நிய மொழிகளும் அங்கே கற்பிக்கப்பட்டன. பஹாய் அல்லாத பிள்ளைகளும் பெருந்தொகையாய்ச் சேர்ந்து படித்தனர். இவற்றைத் தாங்கியது அரசாங்கப் பொக்கிஷம் அன்று. வணிகரும் கைவினைஞரும் அளித்த நன்கொடையும் மாணவர் கட்டணமுமே.

இப்பள்ளிகளுக்கு முதலிற் பூட்டுப் போட்டவர் மதகுருமார் அல்லர். நவீனத்துவத்தின் தந்தை என்று புகழப்பட்ட ரெஸா ஷாவே ஆவர். 1934 டிசம்பரில், பாப் கொல்லப்பட்ட நாளை நினைவுகூர்ந்து தர்பியத் பள்ளிகள் விடுமுறை விட்டன. ஏற்றுக்கொள்ளப்படாத சமயத்தின் திருநாளுக்கு விடுமுறையளித்தல் ஆகாது என்பது அரசின் நிலைப்பாடு. அதனையே காரணமாகக் காட்டி அரசாங்கம் தெஹ்ரான் பள்ளிகளை மூடியது. பிறவூர்ப் பஹாய்ப் பள்ளிகளும் அவ்வாறே மூடப்பட்டன. ஓராண்டு கழித்து, 1936 சனவரியில், அதே ரெஸா ஷா பெண்களின் முகத்திரையைச் சட்டத்தால் விலக்கினார். தெருக்களிலே பொலிசார் பெண்களின் முக்காடுகளைப் பறித்தனர். 1848இல் ஒரு பெண் தன் விருப்பால் களைந்த திரை அவளைக் கொலைக்களத்துக்கு இட்டுச் சென்றது. 1936இல் பொலிசார் பறித்த திரை முன்னேற்றத்தின் சின்னமாயிற்று. பெண்கள் தாமே கற்றுத் தாமே முடிவு செய்யும் பள்ளிகளை மூடிவிட்டு, அவர்களுடைய உடையை மாத்திரம் மாற்றும் நவீனத்துவம் யாருடையது என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

சோஷலிசத்தில் நம்பிக்கை கொண்டோராகிய நாம் இவ்வரலாற்றின் வேறோர் அத்தியாயத்தையும் மறைக்காது பேசுதல் கடன். பாரசீகத்திலிருந்து எல்லை தாண்டிய பஹாய்கள், ருஷிய ஆட்சிக்குட்பட்ட துர்க்மேனியாவின் இஷ்காபாத்தில் குடியேறினர். 1889இல் அங்கே ஒரு பஹாய் பட்டப்பகலிற் கொலையுண்டபோது கொலைஞர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுத் தண்டனை பெற்றனர். பஹாய்களைக் கொன்றோர் நீதிமன்றத்தாற் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டது அதுவே முதன்முறை. மரணதண்டனையைக் குறைக்குமாறு அங்குள்ள பஹாய்களே வேண்டினர் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1902இல் அடிக்கல் நாட்டி அவர்கள் எழுப்பிய வழிபாட்டு மண்டபம், உலகில் அச்சமயத்தாருக்கு முதலாவது. அதனைச் சூழ ஆண்களுக்கும் பெண்களுக்கும் பள்ளிகள் இருந்தன. 1928இல் சோவியத் அரசு மண்டபத்தைக் கைப்பற்றியது. பள்ளிகளும் பஹாய்களின் கைவிட்டுப் போயின. 1938இல் பலர் கைதாயினர், நாடுகடத்தப்பட்டனர். மண்டபம் ஓவியக் கூடமாக்கப்பட்டது. 1948 பூகம்பத்தாற் சிதைந்த கட்டடம் 1963இல் இடிக்கப்பட்டது. எழுத்தறிவின்மையை ஒழிக்கப் பாடுபட்ட ஓர் அரசு, அதே பணியைத் தன் சொந்தச் செலவில் செய்துவந்த ஒரு சிறு சமூகத்தைப் பகையாகக் கருதியது. எந்தத் தத்துவத்தைக் கொண்டும் இதனை நியாயப்படுத்தல் இயலாது.

பாரசீகத்திலோ ஆட்சியின் தேவைக்கேற்பப் பஹாய்கள் பலியிடப்பட்டனர். மக்கள் ஆதரவு பெற்ற மொசாதெக் அரசு 1953இல் ஏகாதிபத்தியச் சதியாற் கவிழ்க்கப்பட்டது. ஈராண்டு கழித்து, 1955 றமழான் மாதத்தில், பல்ஸபி என்ற மதபோதகர் பஹாய்களுக்கெதிராக ஆற்றிய உரைகளை அரசாங்க வானொலி நாடெங்கும் ஒலிபரப்பியது. தெஹ்ரானிலுள்ள பஹாய் நிலையத்தின் கோபுரத்தை இடிக்கும் பணியில் இராணுவத் தளபதிகளே நேரில் நின்று கடப்பாரை பிடித்தனர். சதிக்குத் துணைநின்ற மதகுருமாருக்கு அரியணை செலுத்திய கைம்மாறாகவே இதனை நாம் காண்கிறோம்.

பஹாய்கள் அந்நியரின் கையாட்கள் என்ற குற்றச்சாட்டும் இக்காலத்திலேயே பெரிதும் பரப்பப்பட்டது. ருஷியத் தூதர் ஒருவரின் நினைவுக்குறிப்பு என்ற பெயரில் 1940ஆம் ஆண்டுகளில் அச்சிட்டுப் பரப்பப்பட்ட நூல் ஒன்று இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. அது போலி என்று கூறியவர்களுள் ஒருவர் அஹ்மத் கஸ்ரவி. அவர் பஹாய் சமயத்தைக் கடுமையாகக் கண்டித்து நூல் எழுதியவர். மாற்றுக் கருத்தினரைப் பற்றியும் பொய் பேசலாகாது என்று கருதிய அவ்வறிஞர், 1946இல் மதவெறியரால் நீதிமன்றக் கட்டடத்திலேயே கொல்லப்பட்டார். இயக்கத்தின் தலைமை நிலையம் இன்றைய இஸ்ரவேலில் அமைந்திருப்பதும் குற்றமாகச் சொல்லப்படுகிறது. இஸ்ரவேல் அரசு பிறந்தது 1948இல். பஹாவுல்லாவை அக்காவில் அடைத்தவர் உதுமானிய சுல்தான். அடைத்த ஆண்டு 1868. கைதி தன் சிறையைத் தேர்ந்தெடுப்பதில்லை.

1979ஆம் ஆண்டுப் புரட்சி ஷாவின் கொடுங்கோன்மையை வீழ்த்தியது. ஆயினும் புதிய அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை ஸொராஸ்திரர், யூதர், கிறிஸ்தவர் ஆகியோரை மாத்திரமே சமயச் சிறுபான்மையினராக ஏற்றது. நாட்டின் மிகப் பெரிய முஸ்லிமல்லாத சிறுபான்மையினராகிய பஹாய்கள் சட்டத்தின் கண்களுக்குப் புலப்படாதவராயினர். அடுத்துவந்த ஆண்டுகளில் இருநூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆசிரியர்கள் வேலைநீக்கப்பட்டனர், மாணவர்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1983 யூன் 18ஆம் நாள் ஷீராஸில் பத்துப் பெண்கள் தூக்கிலிடப்பட்டனர். மிக இளையவரான மோனா மஹ்மூத்நிஷாதுக்கு வயது பதினேழு. சிறுவர்களுக்குச் சமய வகுப்பு நடத்தியமை அவர்மேற் சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. 1991இல் கலாசாரப் புரட்சிக்கான உயர்பேரவை வகுத்த இரகசிய ஆவணம், பஹாய் என்று அறியப்பட்டவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்குமாறு பணித்தது. 2006இல் எண்பத்தொரு பல்கலைக்கழகங்களுக்கு இதே கட்டளை அனுப்பப்பட்டது.

இதற்குப் பஹாய்கள் அளித்த விடை வியக்கத்தக்கது. 1987இல் அவர்கள் தமக்கெனப் பஹாய் உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கினர். அதற்கு வளாகம் இல்லை. வேலை பறிக்கப்பட்ட பேராசிரியர்கள் விரிவுரையாளராயினர்; வீடுகளின் வரவேற்பறைகள் வகுப்பறைகளாயின; பாடங்கள் தொடக்கத்தில் தபால் மூலமும் பின்னர் இணையத்தின் மூலமும் சென்றன; ஆய்வுகூடங்கள் தனியார் கட்டடங்களிற் பிரித்து வைக்கப்பட்டன. 1998இல் அரசு பல வீடுகளைச் சோதனையிட்டு நூல்களையும் கணினிகளையும் அள்ளிச் சென்றது. 2011இல் மீண்டும் சோதனை, மீண்டும் சிறை. அந்நிலையத்தை நடத்திவந்தோருள் ஒருவரான மஹ்வஷ் சாபேத், புரட்சியின் பின் வேலைநீக்கப்பட்ட பள்ளி அதிபர். 2008இற் கைதாகிப் பத்தாண்டுகள் சிறையிருந்தார். 2022இல் மீண்டும் சிறை சென்றார். இத்தனைக்கும் பின்னர் அந்நிலையத்தின் பட்டதாரிகள் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டு வந்துள்ளனர்.

இவ்வியக்கத்தின் குறைபாடுகளையும் நாம் கூறாது விடலாகாது. கட்சி அரசியலில் ஈடுபடலாகாது என்ற விதியினால், 1906ஆம் ஆண்டினதாகிய அரசியலமைப்புப் புரட்சியின் போராட்டங்களில் அவர்கள் ஓர் அமைப்பாகப் பங்குகொள்ளவில்லை. பஹாவுல்லாவின் மகன் அப்துல் பஹா, இலாபத்தில் தொழிலாளருக்குப் பங்கு வேண்டும், செல்வம் பெருகப் பெருக வரியும் உயரவேண்டும் என்று வற்புறுத்தினார். அவை வரவேற்கத்தக்கன, ஆனால் உடையவன் மனமிரங்குவான் என்ற நம்பிக்கை அவற்றின் அடியில் இருக்கின்றது. வரலாறு அந்நம்பிக்கைக்குப் பெரிதும் ஆதரவளிக்கவில்லை. ஆண் பெண் சமத்துவத்தைக் கொள்கையாக அறிவித்த இயக்கத்தில், ஈரானியப் பெண்கள் உள்ளூர்ச் சபைகளுக்குத் தெரிவாகும் உரிமையைப் பெற்றது 1954இலேதான். 1963இல் முதன்முறை தெரிவுசெய்யப்பட்ட உலக நீதிமன்றத்தின் உறுப்பாண்மை இன்றும் ஆடவருக்கே உரியது. தாஹிராவின் வாரிசுகள் இதற்கு விடை கூறவேண்டியவராகின்றனர்.

இக்குறைகளைக் காரணமாகக் காட்டி, அவர்களின் உரிமை நமது பிரச்சினை அன்று எனக் கூறலாமா? ஈரானின் இடதுசாரிகளுள் ஒரு பகுதியினர் 1979ஐ அடுத்த ஆண்டுகளில், ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற பெயரில் புதிய ஆட்சிக்கு ஆதரவளித்தனர். அதே காலத்தில் பஹாய்கள் தூக்குமேடைக்குச் சென்றுகொண்டிருந்தனர். அவ்வாதரவை உறுதியாக நல்கிய தூதே கட்சி 1983இல் தடைசெய்யப்பட்டது. அதன் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். 1988இல் சிறைகளுக்குள்ளே ஆயிரக்கணக்கான அரசியற் கைதிகள் கொல்லப்பட்டனர். முதலில் ஒரு சிறுபான்மையினருக்கு எதிராகப் பழகிய கயிறு, பின்னர் எல்லோர் கழுத்தையும் அறிந்துகொண்டது.

ஆகவே, பஹாய்களின் இறைக்கொள்கையை ஏற்றுக்கொண்டால்தான் அவர்களின் பள்ளிக்கூடத்துக்காகக் குரல் கொடுக்கலாம் என்பதில்லை. கஸ்ரவி அவர்களின் கொள்கையை ஏற்கவில்லை. ஆயினும் பொய்யைப் பொய் என்றார். அந்த அளவு நேர்மை முற்போக்காளர் ஒவ்வொருவரிடமும் எதிர்பார்க்கத்தக்கது. தெஹ்ரானில் ஒரு வரவேற்பறையிலே கதவைச் சாத்திக்கொண்டு இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியர், தமது சமயத்துக்காக மாத்திரம் அதனைச் செய்யவில்லை. கற்கும் உரிமை அரசாங்கம் அளிக்கும் சலுகையன்று என்ற கொள்கையையும் அவர் காத்து நிற்கின்றார். அக்கொள்கையே நமது வகுப்பறைகளையும் தாங்கி நிற்கின்றது.